கேட்டகரி ஒன்றுதானே என்று வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவர்களுக்கு

ஜூன் முதல் தேதி புயல் பருவம் தொடங்குவதற்கு முன், டெக்சஸ் வளைகுடாக் கரையோரம் வாழும் தமிழ்க் குடும்பங்களிடம் முன்னெச்சரிக்கை பற்றிப் பேசுமாறு ஆண்டுதோறும் என்னை அழைக்கிறார்கள். புயலுக்கு முன் மக்களை எந்தச் சாலையில், எந்த நேரத்தில், எந்த வரிசையில் வெளியேற்றுவது என்று திட்டமிடுவது என் தொழில். இந்த ஆண்டு கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, கால்வெஸ்டன் விரிகுடாவின் தண்ணீரிலிருந்து நான்கு தெரு தள்ளி வீடு வாங்கியிருக்கும் ஒருவர், "கேட்டகரி மூணு வந்தா கிளம்பிடுவோம் அண்ணா, ஒண்ணு ரெண்டுக்கெல்லாம் அசைய மாட்டோம்" என்றார். பக்கத்தில் நின்றவரின் வீடு ஹூஸ்டனுக்கு மேற்கே, கடலிலிருந்து அறுபது மைலுக்கு மேல் உள்ளே இருக்கிறது. "நாங்க அப்படியில்ல, புயல்னு பேச்சு வந்தாலே ரெண்டு காரையும் எடுத்துக்கிட்டு டல்லாஸ் போயிடுவோம்" என்றார் அவர். போக வேண்டியவர் போக மாட்டேன் என்கிறார், இருக்க வேண்டியவர் இருக்க மாட்டேன் என்கிறார். இதே இரண்டு பதில்களை எத்தனை முறை கேட்டுவிட்டேன் என்று எனக்கே கணக்கில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கேட்டகரி விவகாரத்தை முடித்துவிடுவோம். கேட்டகரி என்பது, சூறாவளிகளைத் தரம் பிரிக்கும் சாஃபிர்–சிம்ப்சன் அளவுகோல் தரும் ஒன்று முதல் ஐந்து வரையிலான எண்; அது புயலின் உச்சக் காற்று வேகத்தை மட்டுமே குறிக்கிறது. கடல் எவ்வளவு உயரம் பொங்கி நிலத்துக்குள் ஏறும், எத்தனை அங்குலம் மழை கொட்டும் என்பவற்றைப் பற்றி அந்த எண் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. ஒரு காலத்தில் ஒவ்வொரு கேட்டகரிக்கும் எதிரே கடல் எழும் உயரத்தையும் அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். அது மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்பதால் 2010ஆம் ஆண்டு அந்தப் பகுதியையே நீக்கிவிட்டார்கள். அமெரிக்கச் சூறாவளிகளில் நேரடியாக உயிரிழந்தவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது காற்றன்று, தண்ணீர்தான். இப்படிக் கடல் பொங்கி ஏறும் புயல் எழுச்சியின் உயரமோ, புயல் எவ்வளவு அகலமானது, எந்தக் கோணத்தில் வருகிறது, கரையோரக் கடலடி எவ்வளவு ஆழமற்றது என்பவற்றைப் பொறுத்தது. எங்கள் கரையோரக் கடல் நெடுந்தொலைவுக்கு ஆழமற்றது, விரிகுடாவோ புனல்போலத் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்வது.

நம்பாதவர்களுக்கு 2008ஆம் ஆண்டின் ஐக் புயலை நினைவூட்டுகிறேன். செப்டம்பர் 13ஆம் தேதி அதிகாலையில் கால்வெஸ்டனில் கரையைக் கடந்தபோது அது வெறும் கேட்டகரி 2. ஆனால் அது வளைகுடாவின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு வந்த மிக அகலமான புயல். ஒன்றிரண்டு மாடி வீடுகளில் தங்குவோருக்கு மரணம் உறுதி என்று தேசிய வானிலைச் சேவை எழுத்திலேயே எச்சரித்தது. பொலிவர் தீபகற்பத்தில் கடல் பதினைந்து முதல் இருபது அடி வரை எழுந்து, வரிசை வரிசையாக வீடுகளைத் துடைத்துக்கொண்டு போனது. புயல் கரையைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் இருக்கும்போதே, காற்று இன்னும் வேகம் பிடிக்காத நேரத்திலேயே, அந்தத் தீபகற்பத்தின் ஒரே நெடுஞ்சாலை தண்ணீருக்குள் போய்விட்டது. காலையில் எழுந்து காற்றைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று இருந்தவர்களுக்கு, எழுந்தபோது வெளியேறச் சாலையில்லை. கடலோரக் காவல் படை ஹெலிகாப்டரில் வந்து பலரைத் தூக்க வேண்டியிருந்தது.

ஆகவே அதிகாரிகள் கேட்டகரியைப் பார்த்து வெளியேற்ற ஆணை பிறப்பிப்பதில்லை. (டெக்சஸில் ஆணையிடும் அதிகாரம் மேயருக்கும் கவுன்டி ஜட்ஜுக்கும் உண்டு. ஜட்ஜ் என்றதும் நம்மவர்கள் நீதிமன்ற உத்தரவு என்று எண்ணிக்கொள்கிறார்கள். அவர் கவுன்டியின், அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற பகுதியின், நிர்வாகத் தலைவர்.) அவர்கள் முன்னால் இருப்பவை வரைபடமும் கடிகாரமும். எந்தத் தாழ்நிலத்தில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று கணினி மாதிரிக் கணிப்புகள் சொல்வதை வைத்து மண்டலங்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன; எங்கள் பகுதியில் அவை அஞ்சல் குறியீட்டு எண்களின்படி கரையிலிருந்து உள்நோக்கிக் கடலோரம், ஏ, பி, சி என்று போகின்றன. கடிகாரம் ஓடி முடியும் இடம், பலரும் எண்ணுவதுபோல், புயல் கரையைக் கடக்கும் நேரமன்று. மணிக்கு 39 மைல் வேகக் காற்று வந்து சேரும் நேரம்தான் எங்களுக்குக் கெடு. அது கரையைக் கடப்பதற்குப் பல மணி நேரம் முந்தியே வந்துவிடும். அதன் பிறகு உயரமான பாலங்களில் போவது ஆபத்து, ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் நிறுத்தப்படலாம். அந்தக் கெடுவிலிருந்து பின்னோக்கி, மண்டலம் காலியாக ஆகும் நேரத்தைக் கழிக்கிறோம். பெரிய நகரப் பகுதிக்கு அது ஒரு நாளையும் தாண்டும். மருத்துவமனை, முதியோர் இல்லங்களை அதற்கும் முன்பே கிளப்ப வேண்டும். இப்படிக் கழித்தால், புயல் இரண்டு மூன்று நாள் தொலைவில் இருக்கும்போதே, வானம் தெளிவாக இருக்கும்போதே, ஆணை பிறப்பிக்க வேண்டியதாகிறது. மூன்று நாள் முன்னதாகக் கணிக்கப்படும் பாதை சராசரியாக 100 மைல் அளவுக்கு விலகலாம் என்பதும் எங்களுக்குத் தெரியும். புயல் விலகிப் போனால் "சும்மா அலைக்கழித்தார்கள்" என்று திட்டுங்கள், பரவாயில்லை. அடுத்த முறையும் கிளம்புங்கள்.

சில நேரம் கடிகாரம் தோற்கடித்தும் விடுகிறது. 2021இல் ஐடா புயல் மிக விரைவாக வலுப்பெற்றபோது, நெடுஞ்சாலையின் எதிர்ப்பாதைகளையும் வெளியேறும் பாதைகளாக மாற்றப் போதிய நேரமில்லை என்று நியூ ஆர்லியன்ஸ் நகரம் முழுவதற்குமான கட்டாய வெளியேற்றத்தையே கைவிட நேர்ந்தது.

இப்போது இரண்டு காருடன் டல்லாஸ் கிளம்பும் அன்பருக்கு. 2005ஆம் ஆண்டு செப்டம்பரில், கத்ரீனா வந்துபோன மூன்றே வாரத்தில், ரீட்டா புயல் ஹூஸ்டனை நோக்கி வருவதாகத் தெரிந்தது. கத்ரீனாவில் மூழ்கிய நியூ ஆர்லியன்ஸின் காட்சிகள் எல்லார் கண்ணிலும் இருந்தன. 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிளம்பினார்கள். அவர்களில் கிளம்பத் தேவையே இல்லாதவர்கள் ஏராளம். நூறு டிகிரியை ஒட்டிய வெயிலில், எரிபொருள் தீர்ந்த கார்கள் பாதையை அடைக்க, மக்கள் இருபது மணி நேரத்துக்கு மேல் சாலையிலேயே கிடந்தார்கள். எதிர்ப்பாதைகள் தாமதமாகவே திறக்கப்பட்டன. அது எங்கள் துறையின் தவறு, மறைப்பதற்கில்லை. முதியோர் இல்லத்தவரை ஏற்றிச் சென்ற பேருந்து ஒன்று டல்லாஸ் அருகே தீப்பற்றி 23 பேர் இறந்தார்கள். அந்த வெளியேற்றத்தில் மட்டும் மாண்டவர்கள் ஏறத்தாழ நூறு பேர். புயலோ கிழக்கே விலகி லூசியானா எல்லையருகே கரையைக் கடந்தது. ஆணை இல்லாத மண்டலத்திலிருந்து நீங்கள் ஓட்டி வரும் ஒவ்வொரு காரும், கடலோரத்திலிருந்து வரும் ஒருவருக்கு முன்னால் நிற்கிறது. 2017இல் பெருமழை கொட்டிய ஹார்வி புயலின்போது அன்றைய மேயர் சில்வெஸ்டர் டர்னர் ஹூஸ்டனை வெளியேற்றாததை இன்றும் குறை சொல்வோர் உண்டு. எந்தத் தெருவில் மழைநீர் ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத நிலையில், லட்சக்கணக்கானோரை வெள்ளம் வரவிருக்கும் சாலைகளில் இறக்கிவிடுவது எனக்கும் ஒப்புதல் இல்லை.

கூட்டத்தில் அந்த விரிகுடாக்கரை நண்பரைக் கைப்பேசியை எடுக்கச் சொன்னேன். மண்டலத்தைக் காட்டும் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைத் தட்டினார், 'ஏ' என்று வந்தது. எண்ணைத் தவறாக அடித்துவிட்டேனோ என்று மறுபடியும் தட்டினார். மீண்டும் 'ஏ'. அதே வீட்டில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறார்.

உங்கள் மண்டலத்தை இன்றைக்கே பாருங்கள், புயலன்று இணையதளம் திணறும். மண்டலத்தின் பெயர் அறிவிப்பில் வந்தால், ஒரே காரில், பகல் வெளிச்சத்தில், அதிகாரிகள் சொல்லும் சாலையில் கிளம்புங்கள். வரைபடச் செயலி காட்டும் குறுக்குவழி வேண்டாம், அது தாழ்ந்த சாலையாக இருக்கும். பருவம் முழுவதும் பெட்ரோல் பாதிக்குக் கீழே போகக் கூடாது. பல நூறு மைல் ஓட வேண்டியதில்லை. தண்ணீர் எட்டாத இடத்தில் உறுதியான வீட்டில் நண்பர் இருந்தால் அது போதும். காவலர் வந்து கதவைத் தட்டுவார் என்று காத்திருக்காதீர்கள், வர மாட்டார்.

ஒரு வேண்டுகோள் மட்டும் தனியாக. ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் பெற்றோர் பலர், கார் ஓட்டத் தெரியாமல், கைப்பேசி எச்சரிக்கையின் ஆங்கிலம் புரியாமல், பிள்ளைகள் வேலைக்குப் போன வீட்டில் பகலெல்லாம் தனியே இருக்கிறார்கள். மண்டலத்தின் பெயரையும், அழைக்க வேண்டிய பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணையும் தமிழில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். இன்சுலின், மருந்துச் சீட்டு, கடவுச்சீட்டு மூன்றும் ஒரே பையில் இருக்கட்டும். உதவியின்றி நகர முடியாதவர் யாரேனும் வீட்டில் இருந்தால் 211 என்ற எண்ணை அழைத்து மாநிலப் பதிவேட்டில் பெயரைச் சேருங்கள். பெயர் இருப்பதாலேயே வண்டி வந்துவிடும் என்ற உறுதி கிடையாது. ஆனால் எந்தத் தெருவில் எத்தனை பேர் படுக்கையில் இருக்கிறார்கள் என்று திட்டமிடுபவர்களுக்குத் தெரிய அதுதான் வழி. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். போன ஆண்டு பதிந்தவர்களும் மறுபடி அழையுங்கள்.