ஜப்பானில் வட்டி கூடினால் நம் ஊர் வங்கிப் பங்கு ஏன் விழ வேண்டும்?

2024 ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை. தோக்கியோவின் நிக்கேய் பங்குக் குறியீடு ஒரே நாளில் 12.4 விழுக்காடு சரிந்தது. தென்கொரியாவின் கோஸ்பி கிட்டத்தட்ட 9 விழுக்காடு. நம் சிங்கப்பூரின் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீடும் சுமார் 4 விழுக்காடு இறங்கியது. அன்று மாலை எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான்: "அண்ணே, நம்ம பேங்க் பங்குக்கெல்லாம் என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை. உள்ளூர் வங்கிகளின் வாராக்கடன் அன்று காலையில் திடீரென்று கூடிவிடவில்லை. லாபம் குறைந்ததாகவும் செய்தி இல்லை. ஆனாலும் பங்கு விலை விழுந்தது.

வங்கியில் இடர் நிர்வாகப் பிரிவில் பல காலம் வேலை பார்த்துவிட்டு, இப்போது சமூக மன்றங்களில் குடும்ப நிதி பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். அங்கே வருபவர்கள் பலர் நினைப்பது இதுதான்: ஒரு நாட்டில் நெருக்கடி வந்தால், அந்த நாட்டோடு நமக்கு வியாபாரம் இருந்தால் நாமும் பாதிக்கப்படுவோம், இல்லையென்றால் தப்பிப்போம். வியாபாரம் வழியாகவும் அடி வருவது உண்மை. ஆனால் அது வந்து சேர மாதங்கள் ஆகும். சரக்கு ஆணை குறைய வேண்டும், தொழிற்சாலை வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும், அப்புறம்தான் ஆட்குறைப்பு. சில மணி நேரத்தில் பரவுகிற அதிர்ச்சிக்கு வேறு பாதை இருக்கிறது. அது கடன். யார் யாரிடம், எந்த நாணயத்தில், எத்தனை நாள் தவணையில் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று பார்த்தால், அடுத்து எங்கே விழும் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமையையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் பல ஆண்டுகளாக வட்டி பூச்சியத்தை ஒட்டியே இருந்தது. அங்கே யென்னில் கடன் வாங்கி, டாலராக மாற்றி, அமெரிக்கப் பங்கிலோ அதிக வட்டி தரும் வேறு நாட்டுப் பத்திரத்திலோ போடுவது உலகெங்கும் நிதி நிறுவனங்கள் செய்துவந்த வேலை. வட்டி வித்தியாசம் ஒரு லாபம். யென் மதிப்பு இறங்க இறங்க, திருப்பிக் கட்ட வேண்டிய கடன் டாலர் கணக்கில் சுருங்கும்; அது இன்னொரு லாபம். 2024 ஜூலைத் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 162 யென் கிடைத்தது. ஜூலை 31 அன்று ஜப்பானிய மத்திய வங்கி வட்டியை 0.25 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. இரண்டு நாள் கழித்து அமெரிக்க வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் எதிர்பார்த்ததைவிட மோசமாக வந்தது. அங்கே வட்டி இறங்கப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. ஆகஸ்ட் 5 அன்று டாலர் 142 யென் வரை வந்துவிட்டது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 162 யென் கடன் வாங்கி ஒரு டாலருக்குப் பங்கு வாங்கியவருக்கு, அதே 162 யென்னைத் திருப்பிக் கட்ட 1.14 டாலர் வேண்டும். பங்கு விலை ஒரு காசுகூட இறங்கவில்லை என்றாலும் கடன் 14 விழுக்காடு ஏறிவிட்டது. கடன் கொடுத்தவர் கூடுதல் பிணைத்தொகை கேட்பார். சொன்ன நேரத்துக்குள் கட்டாவிட்டால் அவரே கைவசம் இருப்பதை விற்றுவிடுவார். அந்த நெருக்கடியில் எதை விற்பது? மோசமான சொத்தை விற்க நினைத்தாலும் வாங்க ஆள் இருக்காது. கேட்ட உடனே காசாகக்கூடியது நல்ல சொத்துதான். சிங்கப்பூரின் மூன்று பெரிய வங்கிகளின் பங்குகள் அந்த ரகம். மறுநாளே நிக்கேய் 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது என்பதையும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை பயந்து விற்றவர்கள் இருபத்துநான்கு மணி நேரம் பொறுத்திருக்கலாம்.

2020 மார்ச்சில் தங்கத்துக்கும் இதேதான் நடந்தது. கொள்ளைநோய் பயத்தில் தங்கம் ஏறத்தானே வேண்டும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். சில நாள்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியது, ஏனென்றால் எல்லாருக்கும் அப்போது வேண்டியிருந்தது டாலர் ரொக்கம். அமெரிக்க மத்திய வங்கி, நம் மத்திய வங்கியான சிங்கப்பூர் நாணய ஆணையத்துக்கு, வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) கொடுத்து 60 பில்லியன் அமெரிக்க டாலர் வரை மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை அந்த மாதம் செய்துகொடுத்ததும் இதனால்தான். 2008 அக்டோபரில் அதே ஏற்பாடு 30 பில்லியன். இந்த வட்டாரத்து வங்கிகளும் நிறுவனங்களும் சொந்த நாணயத்தில் எவ்வளவு வைத்திருந்தாலும், டாலர் கடனை டாலரில்தான் அடைக்க முடியும்.

1997 நெருக்கடியை நேரில் கண்டவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. தாய்லாந்தின் பாட் நாணயம் டாலருக்கு 25 என்ற அளவில் கட்டிவைக்கப்பட்டிருந்தது. தாய் நிதி நிறுவனங்கள் டாலரில் குறைந்த வட்டிக்குக் குறுகிய காலக் கடன் வாங்கி, பேங்காக்கில் கட்டடம் கட்டுபவர்களுக்கு பாட்டில் அதிக வட்டிக்குக் கொடுத்தன. கட்டடங்கள் விற்கவில்லை. சந்தேகம் வந்ததும் வெளிநாட்டுக் கடன்காரர்கள் தவணையைப் புதுப்பிக்க மறுத்தார்கள். சீட்டு பிடிப்பவர் வீட்டு வாசலில் நாலு பேர் நிற்பதைப் பார்த்தால், ஐந்தாவது ஆள் அவர் நல்லவரா கெட்டவரா என்று விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார். தானும் போய் நிற்பார். அதே கதைதான். 1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து பாட்டை அந்தக் கட்டிலிருந்து விட்டுவிட்டது. அடுத்த ஜனவரிக்குள் டாலருக்கு 50ஐத் தாண்டியது.

தாய்லாந்துக்கும் இந்தோனீசியாவுக்கும் இடையே அப்படி ஒன்றும் பெரிய வர்த்தகம் இல்லை. ஆனால் இரண்டுக்கும் கடன் கொடுத்தவை அதே ஜப்பானிய, ஐரோப்பிய வங்கிகள். ஒரு வாடிக்கையாளரிடம் கையைச் சுட்டுக்கொண்ட வங்கி, அதே சாயலில் இருக்கும் மற்றவரிடமும் பணத்தைத் திரும்பக் கேட்கும். இந்தோனீசிய நிறுவனங்கள் ரூப்பியாவில் சம்பாதித்து டாலரில் கடன் வைத்திருந்தன. மாற்று விகிதத்துக்கு எந்தப் பாதுகாப்பும் எடுக்கவில்லை. டாலருக்கு 2,400 என்று இருந்த ரூப்பியா 1998ல் 16,000 வரை போனது. நேற்று வரை நன்றாக ஓடிய நிறுவனம்கூட அந்த விகிதத்தில் கடன் கட்ட முடியாது.

சிங்கப்பூரில் அந்த மாதிரி டாலர் கடன் இல்லை, அரசாங்கக் கையிருப்பும் இருந்தது. ஆனாலும் அடி வந்தது, வேறு வாசல் வழியாக. கிளாப் என்ற சந்தையில் மலேசியப் பங்குகளை இங்கிருந்தே வாங்கி விற்றுவந்தார்கள். 1998 செப்டம்பரில் மலேசியா மூலதனக் கட்டுப்பாடு கொண்டுவந்து ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டியபோது அந்தச் சந்தையும் முடங்கியது. சுமார் 172,000 முதலீட்டாளர்களின் பங்குகள் மாட்டிக்கொண்டன. தீர்வு வர 2000 ஆனது. அந்த நிறுவனங்கள் எல்லாம் கெட்டுப்போய்விடவில்லை. வாசலைப் பூட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். வெளிநாட்டு முதலீட்டில் இந்த அபாயத்தை யாரும் விளம்பரத் துண்டில் பெரிய எழுத்தில் போடுவதில்லை. அப்புறம் 1999 ஜனவரியில் ஊழியர்களின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதிக்கு (மசேநி) முதலாளிகள் போடும் பங்களிப்பு 20லிருந்து 10 விழுக்காட்டுக்குக் குறைந்தது. வீட்டுக்கடனின் மாதத் தவணையை மசேநியிலிருந்தே கட்டிவந்த குடும்பங்கள் கையிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டிய நிலை. பாட் கடன் வாங்கிய தாய்லாந்துக்காரரை அவர்கள் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. அதே சமயம் ஜோகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து இங்கே வேலைக்கு வந்தவர்களுக்கு, வெள்ளிக்கு 1.75 ரிங்கிட்டாக இருந்தது 2.20க்கு மேல் போனது. எல்லா அதிர்ச்சியிலும் இப்படி மறுபக்கத்தில் நிற்பவர்கள் இருப்பார்கள்.

2013ல் நம்மில் பலர் அந்த மறுபக்கத்தில் நின்றோம். அந்த ஆண்டு மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி, மாதம் 85 பில்லியன் டாலருக்குப் பத்திரம் வாங்குவதை வருங்காலத்தில் குறைக்கலாம் என்ற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார். குறைக்கவில்லை, குறைக்கலாம் என்றார். அமெரிக்க வட்டி ஏறியது. அதிக வட்டிக்காக இந்தியாவுக்கும் இந்தோனீசியாவுக்கும் போயிருந்த பணம் திரும்பியது. இந்தியா எண்ணெயும் தங்கமும் வாங்கியே நடப்புக் கணக்கில், அதாவது வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கலில், பெரிய பள்ளம் வைத்திருந்த நேரம். டாலருக்கு 55 ரூபாய் என்பது ஆகஸ்ட் 28ல் 68ஐத் தாண்டியது. வெள்ளிக்கு 44 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு 50க்கு மேல் கிடைத்தது. இங்கே லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் பணம் அனுப்பும் கடைகளில் வரிசை தெருவுக்கு வந்தது. சிலர் கடன் வாங்கி அனுப்பினார்கள். இதை மட்டும் நான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்: விகிதம் நன்றாக இருக்கிறது என்று இங்கே வட்டிக்கு வாங்கி ஊருக்கு அனுப்புவது முட்டாள்தனம். ஊரில் அதே ரூபாய் இறக்கத்தால் டீசல் விலை ஏறும், கம்பி விலை ஏறும். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுச் செலவு நீங்கள் அனுப்பிய கூடுதலைத் தின்றுவிடும்.

அதே ஆண்டு செப்டம்பரில் ரகுராம் ராஜன் இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநராக வந்ததும், வெளிநாட்டு இந்தியர்களின் டாலர் வைப்புத்தொகையைக் கொண்டுவரும் வங்கிகளுக்கு ஒரு சலுகை தந்தார். டாலரை ரூபாயாக மாற்றி, பிறகு திரும்ப டாலராக மாற்றிக்கொள்ள ஆண்டுக்கு 3.5 விழுக்காடு நிலையான செலவு; அதற்கு மேல் ரூபாய் எவ்வளவு விழுந்தாலும் ரிசர்வ் வங்கி தாங்கும். உடனே சிங்கப்பூரில் வங்கியாளர்கள் வசதி படைத்த இந்தியர்களைத் தேடிப் போனார்கள். நீங்கள் ஒரு பங்கு போடுங்கள், பல பங்கு நாங்கள் டாலரில் கடன் தருகிறோம், மொத்தத்தையும் இந்திய வங்கியில் போடுங்கள் என்றார்கள். போட்டவர்கள் நல்ல லாபம் பார்த்தார்கள். ஆனால் கூர்ந்து பார்த்தால் பேங்காக் நிதி நிறுவனங்கள் செய்த அதே வேலைதான் இது: மலிவான டாலர் கடன், அதிக வட்டி தரும் இடத்தில் முதலீடு. தாய்லாந்தில் நாணய இடர் கடன் வாங்கியவர் தலையில் இருந்தது, இங்கே ரிசர்வ் வங்கி எடுத்துக்கொண்டது. வேறு வித்தியாசம் இல்லை. அந்த லாபத்தைத் தங்கள் சாமர்த்தியம் என்று நம்பியவர்களில் சிலர் பின்னால் இரட்டை நாணய முதலீடு (விகிதம் மாறினால் போட்ட பணம் வேறு நாணயத்தில் திரும்பலாம்) என்று ஏதோ ஒன்றில் நுழைந்து, தாங்களே அந்த இடரைச் சுமந்துகொண்டு என்னிடம் வந்தார்கள். எந்த முதலீட்டுப் பத்திரத்தை நீட்டினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: மாற்று விகிதம் தவறான பக்கம் போனால் யார் கட்டுவது?

2008 பற்றி இங்கே நிறைய எழுதிவிட்டார்கள். லீமன் பிரதர்ஸ் செப்டம்பர் 15ல் விழுந்தது, அதோடு கட்டமைக்கப்பட்டிருந்த மினிபாண்டு போன்ற பத்திரங்களில் ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்டிருந்த ஆயிரக்கணக்கான சிங்கப்பூரர்கள் நியாயம் கேட்டு ஹாங் லிம் பூங்காவில் கூடினார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது அடுத்த மாதம் நடந்தது. அக்டோபர் 14 அன்று ஹாங்காங் எல்லா வங்கி வைப்புகளுக்கும் உத்தரவாதம் கொடுத்தது. இரண்டு நாளில் மலேசியாவும் சிங்கப்பூரும் அதையே அறிவித்தன. நாம் 150 பில்லியன் வெள்ளிக் கையிருப்பைப் பின்னால் நிறுத்தினோம். இங்கே எந்த வங்கியும் ஆடவில்லை. ஆனால் பக்கத்தில் உத்தரவாதம் இருக்கும்போது இங்கே இல்லையென்றால், நல்ல வங்கியிலிருந்தும் பணம் அங்கே போய்விடும். அந்தத் தொகையில் ஒரு காசும் எடுக்க வேண்டி வரவில்லை.

2022க்கு வருவோம், இது அநேகமாக எல்லார் வீட்டுக்கும் வந்தது. நம் நாணய ஆணையம் 1981லிருந்து வட்டியை நிர்ணயிப்பதில்லை, வெள்ளியின் மாற்று விகிதத்தைத்தான் வழிநடத்துகிறது. பணம் தடையின்றி வந்து போகும் ஊரில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியாது. அதனால் நம் வட்டி அமெரிக்க வட்டியின் பின்னால் போகிறது. அங்கே 2022 மார்ச்சில் பூச்சியத்தை ஒட்டியிருந்தது 2023 ஜூலையில் 5.25 முதல் 5.5 விழுக்காடு ஆனது. இங்கே வங்கி வீட்டுக்கடன் வட்டி 4 விழுக்காட்டைத் தாண்டியது. 500,000 வெள்ளி கடன், 25 ஆண்டு என்று வைத்துக்கொண்டால், 1.5 விழுக்காட்டில் மாதத் தவணை சுமார் 2,000. 4 விழுக்காட்டில் 2,640. அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) தரும் கடனில் இருந்தவர்களுக்கு 2.6 விழுக்காடு அசையவே இல்லை. வங்கி வட்டி மலிவாக இருந்த காலத்தில் வீவக கடனை விட்டு வங்கிக்கு மாறியவர்கள் திரும்பி வர முடியாது என்பதையும் அப்போதுதான் பலர் கவனித்தார்கள். மாறியதே தவறு என்று சொல்ல மாட்டேன். பல ஆண்டுகள் வட்டி மிச்சம் பிடித்தார்கள். ஆனால் 4 விழுக்காட்டில் தவணை எவ்வளவு வரும் என்று மாறும்போதே கணக்குப் போட்டவர்கள் குறைவு.

என்னிடம் வருபவர்களை ஒரு தாளில் எழுதச் சொல்வேன். சம்பளம் எந்த நாணயத்தில், கடன் எந்த நாணயத்தில், சேமிப்பு எந்த நாணயத்தில். பக்கத்திலேயே, கடனை யார் எப்போது திரும்பக் கேட்கலாம் என்று. பங்கைப் பிணையாக வைத்து வாங்கிய கடன் இருந்தால் அதற்குச் சிவப்பில் ஒரு கோடு. வெள்ளியில் சம்பளம், வெள்ளியில் வீட்டுக்கடன், ஊரில் கொஞ்சம் ரூபாய் என்றால் பெரிய கவலை இல்லை. வங்கியில் வேலை, சேமிப்பு முழுக்க அதே வங்கியின் பங்கு, வீட்டுக்கடன் மாறும் வட்டியில் என்றால் மூன்றும் ஒரே நாளில் அடிவாங்கும். இப்படி இருப்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஆறு மாதச் செலவுக்கான பணத்தைப் பங்கில் வைக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு, சந்தை இறங்கும் என்ற கணிப்பு காரணமில்லை. இறங்கும் நாளிலேயே விற்கவேண்டிய கட்டாயம் வரக்கூடாது என்பதற்குத்தான்.

வைப்புத்தொகை பற்றி ஒரு விவரம், கேட்பவர்கள் நிறைய இருப்பதால். 2024 ஏப்ரல் 1லிருந்து ஒரு வங்கியில் ஒருவருக்கு 100,000 வெள்ளி வரை காப்புறுதி உண்டு. அது சிங்கப்பூர் வெள்ளி வைப்புகளுக்கு மட்டும். டாலர், ரூபாய் கணக்குகளுக்குக் கிடையாது. கட்டமைக்கப்பட்ட வைப்பு (பங்கு, நாணயம் போன்றவற்றின் போக்கைப் பொறுத்து வருமானம் தருவது), இரட்டை நாணய முதலீடு இவற்றுக்கும் கிடையாது, வங்கிக் கிளையிலேயே கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தாலும். இரண்டு வங்கிகளில் பிரித்து வைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அந்த வரம்பு பொருந்தும். ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் வைத்தால் பொருந்தாது.