நீராற்பகுப்பு வேறு, நீர்ப்பகுப்பு வேறு

சூரிய ஒளியை வைத்துத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பதைப் பற்றிய கட்டுரைகளில் 'ஒளி நீராற்பகுப்பு' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. தப்பான சொல்.

முதலில் வினையூக்கி, அதாவது தான் செலவாகாமல் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள். இந்த ஹைட்ரஜன் எடுப்பும் அதை வைத்துத்தான் நடக்கிறது. 1835இல் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் கிரேக்க வேரிலிருந்து உருவாக்கிய 'கேட்டலிசிஸ்' என்ற சொல்லுக்கு நம் பழைய பாடநூல்கள் வினைவேகமாற்றம் என்றன, இப்போது வினையூக்கம். ஒளிபட்டு வேலை செய்வது ஒளிவினையூக்கி. சிலர் சுருக்கி ஒளியூக்கி என்கிறார்கள். வினையை ஊக்குவது வினையூக்கி என்றால், ஒளியூக்கி எதை ஊக்கும்? ஒளியையா?

சரி, நீராற்பகுப்புக்கு வருவோம். மின்னாற்பகுப்பு என்றால் மின்சாரத்தால் பகுப்பது. அதேபோல நீராற்பகுப்பு என்றால் நீரால் இன்னொன்றைப் பகுப்பது. மாவுச்சத்து வயிற்றுக்குள் சர்க்கரையாக உடைகிறதே, அது. அங்கே நீர் கருவி, ஹைட்ரஜன் வாயு எதுவும் வெளியே வராது. நாம் பேசும் விஷயத்தில் உடைபடுவதே நீர்தான். 'ஆல்' மூன்றாம் வேற்றுமை உருபு என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே, அதை இப்படி அலட்சியமாக ஒட்டினால் வெட்டுகிற கத்தியும் வெட்டுப்படுகிற காயும் ஒன்றாகிவிடும். 'ஹைட்ராலிசிஸ்' என்ற கிரேக்க ஒட்டில் நீரால் பகுப்பதா, நீரைப் பகுப்பதா என்ற தெளிவே கிடையாது. அதைத் தமிழாக்கியவர் யோசித்து 'ஆல்' சேர்த்துத் தெளிவாக்கினார். மூலத்தைவிட நல்ல சொல் அது, அதைத்தான் இப்போது பாழாக்குகிறார்கள்.

அப்போது 'ஒளியாற்பகுப்பு' என்று சொல்லலாமே என்பார்கள். இலக்கணப்படி குறையில்லை, ஆனால் வேதியியல் இடிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி தண்ணீருக்குள் அப்படியே ஊடுருவிப் போய்விடும், வெயிலில் வைத்த தண்ணீர் சூடாகுமே தவிர உடையாது. நடுவில் ஒரு குறைகடத்தி (செமிகண்டக்டர்) ஒளியை உறிஞ்சி, எலக்ட்ரானையும் அது விட்டுப்போன காலியிடமான துளையையும் பிரித்துக் கொடுத்தால்தான் எலக்ட்ரான் ஹைட்ரஜனையும் துளை ஆக்சிஜனையும் வெளியேற்றும். 1972இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டைஆக்சைடு மின்முனையை வைத்துக் காட்டியது இதைத்தான். அந்தப் பொருளுக்குப் புறஊதா ஒளி வேண்டும், வெயிலில் அது சில விழுக்காடுதான் இருக்கிறது. ஜப்பானில் 100 சதுர மீட்டர் பரப்புக்கு ஒளிவினையூக்கித் தகடுகளை விரித்துப் பார்த்தபோதும் (2021இல் முடிவு வெளியானது) சூரிய ஆற்றலை ஹைட்ரஜனாக மாற்றும் அதிகபட்சத் திறன் 0.76 விழுக்காடுதான். ஆகப் பாடெல்லாம் வினையூக்கியில்தான் இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் பெயர் வைப்பது எப்படி?

முழுப்பெயர் 'ஒளிவினையூக்க நீர்ப்பகுப்பு'. தலைப்புக்கு நீளம் என்றால் 'ஒளி நீர்ப்பகுப்பு' என்று போட்டுக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை. அப்புறம் இன்னொன்று. ஹைட்ரஜன் என்று எழுதினால் சண்டைக்கு வந்து, 'நீரகம்' என்று திருத்திவிட்டு, அடுத்த வரியிலேயே நீராற்பகுப்பு என்று எழுதுகிற மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். ஹைட்ரஜன் என்றே எழுதி நீர்ப்பகுப்பைச் சரியாக எழுதுபவர் எனக்கு அவர்களைவிட எவ்வளவோ மேல்.