தேனில்லாத கொன்றையில் வண்டுக்கு என்ன வேலை?

"கொன்றைப் பூவில் தேன் இல்லை என்கிறார்கள். பிறகேன் எங்கள் வளவுக் கொன்றையைக் கருவண்டு விடாமல் சுற்றுகிறது?" என்று கோப்பாயிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இலை கொட்டி மரம் முழுக்க மஞ்சள் சரம் தொங்கும் சித்திரையில் வரவேண்டிய கேள்விதான்.

தேன் இல்லை, உண்மை. வண்டுக்குக் கூலி மகரந்தம். அதையும் கொன்றை லேசில் கொடுக்காது. ஒரு பூவைப் பறித்துப் பாருங்கள். மகரந்தம் தரும் ஆண் இழைகளான கேசரங்கள் 10. அதில் 3 நீண்டு வளைந்து வெளியே நிற்கும், 4 கட்டையாக நடுவில் இருக்கும், மிச்சம் 3 பெயருக்குத்தான். கேசர நுனியில் மகரந்தம் இருக்கும் மகரந்தக்கூடு அகல வெடிப்பதில்லை. சிறு துளையோ ஒடுங்கிய கீறலோதான் வாசல். பவுடர் பேணி மாதிரி, குலுக்கினால்தான் கொட்டும்.

குலுக்குவது கருவண்டு. கட்டைக் கேசரங்களைக் காலால் இறுகப் பிடித்து, சிறகை அடிக்காமல், பறக்கும் தசைகளை மட்டும் துடிக்க வைக்கும். செக்கனுக்குச் சில நூறு அதிர்வுகள். தூள் துளையால் பீச்சிக்கொண்டு வரும். கிட்ட நின்றால் காதுக்கே தெரியும்: பறக்கையில் 'ம்ம்' என்றிருந்த இரைச்சல் பூவில் இருந்ததும் சுருதி ஏறிக் கீச்சிடும். தேனீக்கு இந்த வித்தை வராது.

வண்டு கட்டைக் கேசரங்களில் சாப்பாடு சேர்க்கும் நேரத்தில், நீளக் கேசரங்கள் அதன் கால் துடைக்க எட்டாத இடத்தில் தூளைப் பூசிவிடும். அடுத்த பூவின் குறி, அதாவது மகரந்தத்தை ஏற்கும் பெண்பாக நுனி, வந்து தொடுவதும் அந்த இடத்தில்தான். என்ன கெட்டித்தனம்!

காயின் மருத்துவம் பலருக்கும் தெரிந்ததே. முழ நீளக் கறுத்த குழாய், உள்ளே தட்டுத் தட்டாக அறைகள், ஒட்டும் களி. அந்தக் களி பேதி மருந்து. அதிலுள்ள அந்திராகுயினோன் சேர்வைகளைப் பெருங்குடல் பற்றீரியாக்கள் உடைத்த பிறகே வேலை தொடங்கும். அதனால் இரவு எடுத்தால் பலன் விடியத்தான். அளவை வைத்தியரிடம் கேளுங்கள். கொன்றை புற்றுநோயைத் தீர்க்கும் என்று வட்ஸ்அப்பில் வருவதை நான் நம்பவில்லை.

காய்ந்த மரத்தைத் துளைக்கிறது என்று கருவண்டை அடிக்கிறோம். ஆனால் கத்தரிப் பூவின் மகரந்தக்கூடும் துளையால்தான் திறக்கும், அதற்கும் குலுக்க ஆள் வேண்டும். எங்கள் ஊரில் எந்த வண்டு எந்த மீடிறனில் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு) குலுக்குகிறது என்று பதிவுசெய்ய வெளிநாட்டு நிதி வேண்டியதில்லை, கைப்பேசி போதும். வண்டு வராவிட்டால், உயர்தரப் பௌதிக ஆய்வுகூடத்து இசைக்கவையை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் இரும்புக் கவை) தட்டிக் கத்தரிப் பூவில் தொட்டுப் பாருங்கள், தூள் கொட்டும்.