பிளக்கில் பழுப்பு வளையமா? ஹெட்டைக் கழற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கடை மூடும் நேரம். சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் இருக்கும் எங்கள் வொர்க்‌ஷாப்புக்கு ஒரு தம்பி டிபன் டப்பாவோடு வந்தார். திறந்தால் உள்ளே டிஷ்யூவில் சுற்றிய நான்கு ஸ்பார்க் பிளக், எஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொருள்.

"அண்ணே, நாலுமே கலர் மாறிப்போச்சு. இன்னொரு கடையில காட்டினேன். கேஸ் லீக்காகுது, ஹெட்டை, அதான் எஞ்சினோட மேல்பாகத்தை, கழட்டணும்னு சொல்றாங்க."

கார் 1.4 லிட்டர் டர்போ. பத்து வருடம் முடிந்து, சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். பிஐஇ விரைவுச்சாலையில் நுழையும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உதறுகிறது. நின்ற இடத்தில் பூனை மாதிரி ஓடுகிறது. இதுதான் குறை.

அவர் விரல் வைத்துக் காட்டிய கறை பிளக்கின் வெளிப்பக்கம், வெள்ளைப் பீங்கான் இரும்பு உடலுக்குள் இறங்கும் இடத்துக்குச் சற்று மேலே, பழுப்பு வளையமாக இருந்தது. தேநீர்க் கோப்பையின் விளிம்பில் படியும் கறை போல. நான்கிலும் ஒரே உயரம், ஒரே நிறம். இதற்குக் கொரோனா கறை என்று பெயர். பெயரைக் கேட்டதும் இப்போதெல்லாம் ஆட்கள் ஓர் அடி பின்னால் போகிறார்கள். அந்த நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் காயிலிலிருந்து வரும் பல ஆயிரம் வோல்ட் பீங்கான் வழியே இறங்கும்போது, இரும்பு விளிம்பை ஒட்டியுள்ள காற்று அயனியாகிறது. பிளக் குழிக்குள் மிதக்கும் எண்ணெய்த் துகள்களை அது இழுத்துப் பீங்கானில் ஒட்டவைக்கிறது. அவ்வளவுதான். பிளக் செய்கிற என்ஜிகே, டென்சோ இரண்டு நிறுவனங்களுமே இது கோளாறு இல்லை என்றுதான் சொல்கின்றன.

நிஜமாகவே சிலிண்டருக்குள் எரியும் கேஸ் பிளக் வழியே கசிந்தால் கறை வேறு மாதிரி இருக்கும். பீங்கானும் இரும்பும் சேரும் இடுக்கிலேயே தொடங்கி, கரி கோடுகோடாக மேலே ஏறியிருக்கும். பெரும்பாலும் ஒரு பிளக்கில் மட்டும். பிளக்கே சரியாக முறுக்கப்படாமல் இருந்தால் மரையிலும் வாஷரிலும் கரி அப்பியிருக்கும்.

வளையம் பெரிதாகக் கண்ணில் பட்டதால், உண்மையான குற்றவாளியை யாரும் பார்க்கவில்லை. இரண்டாவதாக எடுத்த பிளக்கை விளக்கடியில் திருப்பினேன். பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. தின்னர் தொட்டுத் துடைத்தேன், போகவில்லை. "திங்கட்கிழமை காரைக் கொண்டு வாங்க தம்பி, காயிலைப் பார்க்கணும்" என்றேன். வந்தார். ஒரு காயிலில், பிளக் மேல் மாட்டும் ரப்பர் உறையைப் பிளந்து பார்த்தால் உள்சுவரில் அதே கோட்டின் ஜோடி.

மின்பொறி உள்ளே எலக்ட்ரோடு இடைவெளியில் குதிக்காமல், பீங்கானின் வெளிப்பக்கமாகவே இரும்புக்கு ஓடியிருக்கிறது. டர்போ காரில்தான் இது அதிகம் மாட்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற, அதே இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்ட் வேண்டும். ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது) பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கும் காற்றழுத்தம், இல்லை, பொறி சுலபமாகக் குதிக்கும். மிதித்ததும் உள்ளே வழி கடினமாகிறது, அது வெளியே சுலபமான வழியைத் தேடுகிறது. எலக்ட்ரோடு இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளந்தேன்: 1.1 மி.மீ. அந்த எஞ்சினுக்கு 0.7 போதும். யாரோ டர்போ இல்லாத எஞ்சினுக்கான பிளக்கைப் போட்டிருக்கிறார்கள். மரை ஒன்றேதான், அதனால் உள்ளே போய்விட்டது.

நான்கு பிளக், ஒரு காயில் மாற்றினோம். பிளக்கை மட்டும் மாற்றியிருந்தால், ரப்பர் உறையில் பதிந்த கோடு புதுப் பிளக்கையும் கெடுத்திருக்கும். ஹெட்டை யாரும் தொடவில்லை.

சரி, பிளக்கின் எரியும் முனைக்கு, அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் பக்கத்துக்கு, வருவோம். பழுப்பு நல்லது, கறுப்பு கெட்டது, வெள்ளை ஆபத்து என்று சுவரில் மாட்டியிருக்கும் அட்டவணை கார்புரேட்டர் காலத்துக்குப் பொருந்தியது. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்றைய டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போவில் இரும்பு விளிம்பைச் சுற்றி உலர்ந்த கரி கொஞ்சம் படிவது சகஜம். அதுவும் நம் ஊர் ஓட்டத்தில்! பிள்ளையைப் பள்ளியில் விட வரிசையில் ஏர்கானோடு பதினைந்து நிமிடம், அப்புறம் ஈரச்சந்தை, அப்புறம் வீடு. பீங்கான் முனை சுமார் 500 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் கரி தானாக எரியும். அதனால் கேபிஇ விரைவுச்சாலையில் ஒரு நல்ல ஓட்டம் ஓட்டி, ஐடிலில் நிற்கவிடாமல் அணைத்து, ஆறிய பிறகு கழற்றிப் பாருங்கள். நிறம் அப்போதுதான் உண்மை பேசும்.

அப்படிப் பார்த்தும் நான்கு முனையும் புகைக்கூண்டு மாதிரி இருந்து, பெட்ரோல் வாடையும் அடித்தால், பிளக்கைத் திட்டாதீர்கள். டர்போவின் காற்றை எஞ்சினுக்குக் கொண்டுபோகும் இன்டர்கூலர் ஹோஸைத் தடவிப் பாருங்கள். உள்ளே வரும் காற்றை எண்ணும் ஏர்ஃப்ளோ சென்சார் வைத்த கார்களில், எண்ணிய காற்றுக்கு ஏற்ப கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றும். கிழிந்த ஹோஸ் வழியே பாதிக் காற்று வெளியேறினால் பெட்ரோல் மட்டும் மிஞ்சும், கரி படியும். கிழிசல் இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஈரமாகத் தெரியும், கைக்கே அகப்படும்.

ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால் சங்கதி வேறு. அந்தச் சிலிண்டரில்தான் ஏதோ இருக்கிறது: இன்ஜெக்டர், ரிங், வால்வு சீல், சில நேரம் கூலன்ட். அதனால்தான் கழற்றும்போதே முட்டை அட்டையில் 1, 2, 3, 4 என்று எழுதி வைக்கச் சொல்கிறேன். டிபன் டப்பாவில் கலந்துவிட்டால் பாதித் தடயம் போச்சு. அந்தத் தம்பியின் நல்ல நேரம், பென்சில் கோட்டுக்கு ஜோடி காயிலில் கிடைத்தது.

நான் உண்மையில் பயப்படுவது வெள்ளை முனையில் மிளகுத்தூள் தூவியது போன்ற புள்ளிகளுக்கு. அதிலும் பளபளக்கும் புள்ளி என்றால் பிஸ்டனின் அலுமினியம் உருகித் தெறித்திருக்கலாம். நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது, நடந்திருக்கிறது. டியூன் போட்டு பூஸ்ட் ஏற்றிய கார்களில் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட காரை அன்றே நிறுத்துங்கள். இந்தக் கார்களுக்கு ஒரு படி குளிர்ந்த பிளக் (முனையின் சூட்டை வேகமாக வெளியேற்றுவது) தேவைப்படலாம், ஆனால் பிளக்கின் வெப்ப எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்: என்ஜிகேயில் எண் ஏறினால் குளிர்ந்தது, போஷில் எண் ஏறினால் சூடானது.

செங்கல் நிறம் என்றால் பெரும்பாலும் பெட்ரோலில் ஊற்றிய மருந்து பாட்டில். பிளக் குழியே எண்ணெயில் மிதந்தால் எஞ்சினின் மேலே இருக்கும் டேப்பட் கவர் சீலைப் பாருங்கள்.

மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும். 14 மி.மீ. மரைக்குப் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. என்றால் 15 முதல் 20. முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் 'கை அளவு' போடுகிறவரிடம் நான் என் காரைத் தரமாட்டேன். இரிடியம் முனையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும் வேண்டாம், அது ஊசி மாதிரி மெல்லியது.

தம்பி இப்போது பிஐஇ-யில் நிம்மதியாக நுழைகிறாராம். அடுத்த சர்வீஸில் கழற்றும்போது புதுப் பிளக்கிலும் அந்தப் பழுப்பு வளையம் வந்திருக்கும். அதற்காகப் போன் செய்ய வேண்டாம் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.