துரத்தக் கொடுக்கும் குதிரை

சதுரங்கம் பழகும் கோண்டாவில் மாணவி ஒருவர் கேட்டார்: "வெள்ளை இ4இல் காலாளை வைத்ததும் கறுப்புக் குதிரை எஃப்6க்கு வந்தால், அடுத்த நகர்விலேயே அதைத் துரத்தலாமே? தெரிந்துகொண்டே ஏன் அங்கே போகவேண்டும்?" (பலகையில் எழுத்து நிரலையும் எண் வரிசையையும் குறிக்கும்; இ4 என்பது இ நிரலின் 4ஆம் கட்டம்.)

1921இல் புடாபெஸ்டில் அலெக்சாண்டர் அலெகைன் ஆடிக் காட்டியதால் இத்திறப்புக்கு, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் இந்த முறைக்கு, 'அலெகைன் தற்காப்பு' என்று அவர் பெயரே நிலைத்தது. நடுக்கட்டங்களை எதிராளி காலாள்களால் நிரப்பட்டும், பின்னர் அவற்றைத் தாக்கலாம் என்று நிம்சோவிட்ச், ரெட்டி போன்ற சதுரங்க வீரர்கள் வாதிட்ட காலம் அது.

வெள்ளைக் காலாள் இ5க்கு ஏறக் குதிரை டி5க்கும், சி4 காலாள் விரட்டப் பி6க்கும் போகிறது. டி4, எஃப்4 காலாள்களும் வந்தபின், வெள்ளையின் 5 நகர்வுகளும் காலாள்களுக்கே செலவாகியிருக்கும்.

காலாள் பின்வாங்காது என்பது யாவரும் அறிந்த விதி. அதன் முழு விளைவையும் டி4 கட்டத்தில் காணலாம். அங்கு நிற்கும் காலாளை இன்னொரு காலாள் காக்க வேண்டுமானால் அது சி3இல் அல்லது இ3இல் நிற்கவேண்டும். ஆனால் அதற்குரிய இரண்டு காலாள்களும் அக்கட்டங்களைத் தாண்டிவிட்டன. எல்லைக் கதியாலை அரக்கி அரக்கி வளவைப் பெருப்பித்தவர், பெருத்த வளவுக்குக் காவல் தேடி அலைவதைப் போன்ற நிலை இது. இதற்கிடையே டி6க்கு வந்துவிட்ட கறுப்புக் காலாள் இப்போது இ5இல் வெட்ட, எஃப் காலாள் திருப்பி வெட்டுகிறது. டி நிரல் திறந்து, டி8இல் அசையாமலிருந்த இராணியின் பார்வை நேரே டி4இல் விழுகிறது. அடுத்து சி6க்கு வரும் மற்றக் குதிரை டி4, இ5 இரண்டையும் ஒருங்கே தாக்க, துரத்தப்பட்ட பழைய குதிரையோ பி6இலிருந்து சி4ஐக் குறிவைத்திருக்கிறது. காவலுக்கு வெள்ளைக் குதிரை எஃப்3க்கு வந்தால், கறுப்பு மந்திரி ஜி4க்குப் பாய்ந்து, விலகினால் பின்னாலுள்ள இராணி பறிபோகும்படி அதனைக் கட்டிப்போடுகிறது. ஆகவே வெள்ளை பெரும்பாலும் இ3க்கு மந்திரியையே முதலில் கொண்டுவருகிறது.

கறுப்புக் காய் கிடைத்தால் நாள் சரியில்லை என்று முகம் சுளிக்கும் பெற்றோரை இங்குள்ள போட்டிகளில் கண்டிருக்கிறேன். வெள்ளையே முதலில் நகர்வதால் அதற்குள்ள சாதகம் மெய்தான், ஆனால் அந்தச் சாதகத்துக்கும் இராகுகாலத்துக்கும் தொடர்பில்லை.

1972இல் ரெய்க்யவிக்கில் நடந்த உலகச் சம்பியன் போட்டியின் 13ஆவது ஆட்டத்தில் அமெரிக்கரான பிஷர் கறுப்புக் காய்களுடன் இதே திறப்பை ஆடியபோது, வெள்ளையாக ஆடிய அப்போதைய சம்பியன் ஸ்பாஸ்கி நான்கு காலாள்களையும் ஓட்டாமல் 4ஆம் நகர்வில் குதிரையை எஃப்3க்குக் கொண்டுவந்தார். பிஷர் 74 நகர்வுகளில் வென்றார் எனினும், மாணவி உண்மையில் அஞ்சவேண்டியது அந்த அமைதியான வழிக்குத்தான்: அதில் சி3 கட்டம் காலாளுக்கு இன்னும் திறந்தே இருக்கிறது.