பீரங்கி: எங்கிருந்து வந்த சொல்?

பெரிய குழலுக்குள் வெடிமருந்தை எரித்து, அந்த விசையில் குண்டைத் தொலைதூரத்துக்குச் செலுத்தும் ஆயுதம் பீரங்கி. தோளில் வைத்துச் சுட முடியாது. சக்கரத்திலோ மேடையிலோ கப்பலிலோ பொருத்தித்தான் சுட வேண்டும். இன்றைய படைத்துறை வழக்கில் குழலின் உள்விட்டத்தை வைத்தும் பிரிப்பார்கள்: 20 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் துப்பாக்கி, அதிலிருந்து மேலே பீரங்கி. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் சுகோய்-30 விமானத்தில் 30 மில்லிமீட்டர் குழல் ஒன்று இருக்கிறது. பார்க்கச் சிறியதுதான், ஆனாலும் கணக்குப்படி அது பீரங்கி.

சொல்லின் வேர் வெகு தொலைவில் இருக்கிறது. ஐரோப்பாவில் ‘ஃபிராங்க்’ என்றொரு இனத்தார் இருந்தார்கள். பிரான்ஸ் நாட்டுக்கு அவர்களால்தான் அந்தப் பெயர். சிலுவைப் போர்க் காலத்தில் அரபு பேசியவர்கள், மேற்கிலிருந்து வந்த எல்லாரையும் அந்தப் பெயராலேயே சொல்லிவிட்டார்கள். பாரசீகத்தில் ‘ஃபரங்கி’ என்றால் ஐரோப்பியன். ஐரோப்பாவிலிருந்து வந்த பொருளுக்கும் அதுவே பெயர். இந்தியாவில் இந்தச் சொல் முக்கியமாகப் போர்த்துகீசியர்மேல் ஒட்டிக்கொண்டது, அப்புறம் ஆயுதங்களுக்கும் பரவியது. 1526 பானிபட் போரில் தன் ஆட்கள் சுட்ட பீரங்கிகளைப் பாபர் ‘ஃபிரங்கி’ என்றே எழுதுகிறார். மராட்டியர்களோ ஐரோப்பிய அலகு பொருத்திய நீண்ட நேர்வாளை ‘ஃபிரங்கி’ என்றார்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் அதே சொல் பீரங்கியைக் குறிக்கிறது.

தமிழில் இது இரண்டாகப் பிரிந்தது. ஆளைக் குறித்தது பறங்கி, ஆயுதத்தைக் குறித்தது பீரங்கி. கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள பறங்கிப்பேட்டையும், பொங்கலுக்குக் கூட்டு வைக்கும் பறங்கிக்காயும் இதே குடும்பம்தான். துப்பாக்கி வேறு வழியில் வந்தது. பாரசீகத்தில் ‘துஃபங்’, துருக்கியில் ‘துஃபெக்’, தெலுங்கில் ‘துபாகி’.

பெயர் வெளியிலிருந்து வந்ததால் பொருளும் முழுக்க வெளியிலிருந்து வந்தது என்று நினைப்பவர்கள் தஞ்சாவூர்க் கீழ அலங்கத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும். (அலங்கம் என்றாலே கோட்டை மதில்தான்.) அங்கே பீரங்கி மேட்டில் கிடக்கிறது ராஜகோபால பீரங்கி. மன்னார்குடி ராஜகோபாலன் தஞ்சை நாயக்கர்கள் கொண்டாடிய தெய்வம். இந்தப் பீரங்கி, தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தது என்பார்கள். அவர்தான் 1620-இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ள டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்தவர்.

இந்தப் பீரங்கியின் எடை சுமார் 22 டன். நீளம் ஏறத்தாழ ஏழரை மீட்டர், வாயின் அகலம் அரை மீட்டருக்கும் மேல். ஆனால் என்னை அசர வைப்பது அளவு இல்லை, செய்முறை. இது உருக்கி அச்சில் வார்த்தது அல்ல. நீளமான இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கிக் குழலாக்கி, அதன்மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்பு வளையங்களை ஒன்றை ஒட்டி ஒன்றாக மாட்டி, அடித்துப் பற்றவைத்திருக்கிறார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் அதே சூத்திரம்தான்: சூட்டில் விரிந்த வளையம் ஆறும்போது சுருங்கி, உள்ளே இருப்பதை இறுக்கிப் பிடிக்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் வளையங்களின் விளிம்புகள் வரிவரியாகத் தெரியும். நம் கொல்லர்களின் கைவேலை அது. உலகில் எஞ்சியிருக்கும் அடித்துச் செய்த இரும்புப் பீரங்கிகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று நம்ம ஊரில் திறந்தவெளியில் கிடக்கிறது. டெல்டாவுக்கு வருகிறவர்கள் பெரிய கோயிலோடு திரும்பிவிடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? கோட்டைப் பொறிகளுக்கு நம்மிடம் பழைய பெயர்கள் உண்டு. சிலப்பதிகாரம் மதுரை மதிலில் இருந்த பொறிகளை அடுக்கும்போது ‘கல்லுமிழ் கவண்’ என்கிறது. அழகான பெயர்தான், ஆனால் அது வெடிமருந்தில்லாத கருவி. அந்தப் பெயரைப் பீரங்கிக்கு வைத்தால் இரண்டும் குழம்பிவிடும். சுடும் ஆயுதம் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் ‘சுடுகலன்’ என்ற சொல் வந்துவிட்டது, அது நல்ல சொல். ‘சேணேவி’ என்றும் எழுதுகிறார்கள். சேண் என்றால் தொலைவு. தொலைவுக்கு ஏவுவது சேணேவி. ஆர்ட்டிலரி என்ற மொத்தப் பீரங்கிப் படைத்துறைக்கு இது கச்சிதமாகப் பொருந்தும் என்பது என் கருத்து. தனி ஆயுதத்துக்குப் பீரங்கியே இருக்கட்டும். சில நூற்றாண்டுகளாக நம் வாயில் புழங்கி, ஒரு மேட்டுக்கே பெயராகிவிட்ட சொல்லை விரட்ட வேண்டியதில்லை. உறுப்புகளுக்குத்தான் தமிழைக் கட்டாயம் எடுத்தாள வேண்டும்: குழல், வாய், விசை (சுடுவதற்கு இழுப்பது), கருமருந்து (வெடிமருந்து), எறிகணை எல்லாம் தயாராக இருக்கின்றன. ‘இரட்டைக்குழல் துப்பாக்கி’ என்று தடுமாறாமல் சொல்கிறவர்கள் ‘பேரல்’ என்று எழுத ஏன் போக வேண்டும்?

செய்திகளில் டாங்கியைப் பீரங்கி என்று எழுதுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. டாங்கி என்பது கவசம் பூண்டு சங்கிலிப் பட்டையில் ஓடும் வண்டி. அதன்மேல் இருப்பதுதான் பீரங்கி. ஆவடியில் செய்யும் அர்ஜுன் டாங்கியில் 120 மில்லிமீட்டர் பீரங்கி இருக்கிறது என்று எழுதினால் சரி, ‘அர்ஜுன் பீரங்கி’ என்றால் பிழை. ‘போஃபர்ஸ் பீரங்கி’ சரியான வழக்குதான். அது 155 மில்லிமீட்டர் குழல் கொண்டு, குண்டை உயர வளைத்து வீசும் வகை. மலைக்கு மறுபுறம் இருக்கும் இலக்கையும் அதனால் தொட முடியும். 1999 கார்கில் போரில் அது அவ்வளவு பயன்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

எழுதும்போது ஒரு கவனம்: பீரங்கிக்கு இடையின ‘ர’, பறங்கிக்கு வல்லின ‘ற’. பரங்கி என்று எழுதும் வழக்கமும் உண்டு, ஆனால் ‘பீறங்கி’ கிடையாது. சேர்த்து எழுதும்போது பீரங்கிக் குண்டு, பீரங்கிப் படை என்று ஒற்று மிகும்.