‘நல்ல மருத்துவப் பயிற்சி’ என்னும் பிழை

ஒரு மருத்துவமனையின் அழைப்பிதழில் ‘நல்ல மருத்துவப் பயிற்சி குறித்த ஒருநாள் பயிற்சி’ என்று அச்சிட்டிருந்தார்கள். அதைக் கண்ட செவிலியர் ஒருவர், “இதுவரை நாங்கள் பெற்றது கெட்ட பயிற்சியா, சார்?” என்று கேட்டார். இந்தப் பெயர்ப்பை நான் காண்பது மூன்றாவது முறை.

சொல்ல வந்தது ‘குட் கிளினிக்கல் பிராக்டிஸ்’, சுருக்கமாக ஜி.சி.பி. மனிதர்களிடம் மருந்தாய்வு நடத்தும்போது பங்கேற்பவரின் உரிமையும் பாதுகாப்பும் தரவின் நம்பகத்தன்மையும் கெடாமல் காக்கும் பன்னாட்டு நெறிமுறை அது, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளும் மருந்து நிறுவனங்களும் சேர்ந்த ஐ.சி.எச். என்னும் பன்னாட்டு அமைப்பு 1996இல் வகுத்து, 2016இலும் 2025இலும் திருத்தியது. ‘கிளினிக்கல்’ என்பதன் வேர் கட்டிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ‘பிராக்டிஸ்’ என்பதன் வேர் செய்தலைக் குறிப்பது.

பயில்தலுக்குப் பழகுதல், வழங்குதல் என்ற பொருள்களும் பழந்தமிழில் உண்டே என்று வாதிடுவோர் உண்டு. இருக்கட்டும். ஓட்டுநர் பயிற்சி, தட்டச்சுப் பயிற்சி என்று பழகிய இன்றைய கண்ணுக்குப் பயிற்சி என்றால் கற்பதுதான். முப்பது ஆண்டு வழக்காடிய வக்கீல் ‘பயிற்சி செய்கிறார்’ என்று எழுதினால் அவரை மறுபடி ஜூனியராக்கிவிடுகிறோம். தவிர, ஆய்வாளர் கல்வியாலும் பயிற்சியாலும் அனுபவத்தாலும் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்று அந்நெறிமுறையே தனியாகச் சொல்கையில், இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் ‘பயிற்சிப் பயிற்சி’யில்தான் போய் முடியும்.

‘நல்ல மருத்துவ நடைமுறை’ சற்றுத் தேவலாம். ஆனால் அதில் ஆய்வு என்ற சொல்லே இல்லாததால், மருத்துவர் நோயாளியைக் கவனிக்கும் முறை என்றே படிப்பவர் கொள்வார். சிகிச்சை அந்த ஒருவரின் நலனுக்காக, ஆய்வோ பின்வருவோருக்கும் பயன்படும் அறிவுக்காக, அதில் சேர்பவருக்கு மருந்தே இல்லாத மாத்திரைகூடக் கிடைக்கலாம் என்று பிரித்துணர்வதுதானே இங்கே முதல் பாடம்? ‘நோயாளர் ஆய்வு’ என்பதும் பொருந்தாது. முதற்கட்ட ஆய்வுகளில் பெரும்பாலும் நோயற்ற தன்னார்வலர்களே சேர்க்கப்படுகிறார்கள்.

ஆகவே ‘மருத்துவ ஆய்வு நன்னடைமுறை’ என்பேன். எலியிடம் செய்வதும் மருத்துவ ஆய்வுதானே என்றால், தேவையான இடத்தில் ‘மனிதர் பங்கேற்கும்’ என்று முன்னே சேர்த்துக்கொள்ளலாம். நன்னடத்தைச் சான்றிதழ் நினைவுக்கு வருகிறது என்று நண்பர் சிரித்தார், வரட்டுமே.

பெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் பொருளோடு எழுந்துவிடுகிறார்கள். ‘கிளினிக்கல் டிரையல்’ என்பதை ‘மருத்துவப் பரிசோதனை’ என்று எழுதியிருந்த ஓர் ஒப்புதல் படிவத்தைப் படித்துவிட்டு, ரத்தம் எடுக்கத்தான் போலும் என்று ஒரு பெரியவர் சட்டைக் கையை மடித்து என்முன் நீட்டினார்.